தொப்புள்கொடி இரத்தம், இன்சுலின் கலங்கள், முழங்கால் ஊசி: ஸ்டெம் செல் சிகிச்சையில் எதற்குப் பணம் கட்டலாம்?

வெள்ளவத்தையிலிருந்து மூன்று விஷயங்கள் கேட்டிருக்கிறீர்கள். நாலு வயது மகனுக்கு பீட்டா தலசீமியா மேஜர், அதாவது தொடர்ந்து இரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை இரத்த நோய். மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. பிறக்கப்போகும் பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தத்தைத் தனியார் வங்கியில் வைக்கச் சொல்லி ஒரு கம்பனிப் பிரதிநிதி வந்து போகிறார். பணம் கட்டலாமா என்பது முதலாவது. தம்பிக்கு முதலாம் வகை நீரிழிவு. ஸ்டெம் செல் ஏற்றியவர்கள் இன்சுலினையே விட்டுவிட்டார்கள் என்று வந்த செய்தி உண்மையா என்பது இரண்டாவது. அம்மாவின் முழங்கால் தேய்வுக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா என்பது மூன்றாவது.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிக்க உங்கள் வீட்டில் உண்மையான மருத்துவக் காரணம் இருக்கிறது. ஆனால் அது பிரதிநிதி சொல்லும் காரணம் அல்ல, கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டிய பரிசோதனைகளும் உண்டு. தம்பி பற்றிய செய்தி உண்மை. ஆனாலும் அவர் இன்சுலினை ஒரு வேளைகூட விடக்கூடாது. அம்மாவுக்கு அந்த ஊசி வேண்டாம்.

ஏன் மூன்றுக்கும் மூன்று விதமான பதில்? ஸ்டெம் செல் என்பது பெருகி வேறு கலங்களை உண்டாக்கவல்ல மூலக் கலம். யார் அந்தப் பெயரைச் சொன்னாலும் கேட்க வேண்டியது இதுதான்: எந்தக் கலம், எத்தனை, உடம்பில் எங்கே போய்க் குடியேறப் போகிறது? இரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லுக்கு இந்த மூன்றுக்கும் தெளிவான விடை இருக்கிறது. சாதாரணமாக இரத்தம் ஏற்றுவதுபோல நாளத்தில் ஏற்றினால், அது தானாகவே என்பு மச்சைக்கு வழி தேடிப் போய், அங்கே தங்கிப் பெருகும். என்பு மச்சையிலும் தொப்புள்கொடி இரத்தத்திலும் இருப்பது இந்தக் கலம்தான். இ. டோனல் தோமஸ் 1957-இல் மனிதர்களில் இதை முயன்று தொடங்கியதிலிருந்து இன்றுவரை சேர்ந்த அனுபவம் இந்த ஒரு கலத்துக்குத்தான் உண்டு. 1990-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. குருத்தெலும்புக்கோ மூளைக்கோ உரிய கலங்களுக்கு இப்படி வழி தேடிப் போகும் குணம் கிடையாது. விளம்பரங்கள் மறைப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

இனி மகன். தலசீமியாவுக்கு ஸ்டெம் செல் மாற்று 1980-களின் தொடக்கத்திலிருந்து செய்யப்படுகிறது. எச்.எல்.ஏ. (சொந்தக் கலமா அந்நியக் கலமா என்று உடம்பு அறியும் கலக்குறிகள்) முழுமையாகப் பொருந்தும் கூடப்பிறந்தவர்தான் மிகச் சிறந்த தானம் செய்பவர். கூடப்பிறந்த ஒருவர் பொருந்த 4-க்கு 1 வாய்ப்பு. ஆனால் உங்கள் கணக்கு இதைவிடக் கொஞ்சம் இறுக்கமானது. பெற்றோர் இருவரும் காவிகள் (நோயில்லாமல் பிழையான ஜீனைச் சுமப்பவர்கள்) என்பதால், வரப்போகும் பிள்ளைக்கும் தலசீமியா மேஜர் இருக்க 4-க்கு 1 வாய்ப்பு. எச்.எல்.ஏ. ஜீன்கள் 6-ஆம் குரோமோசோமிலும் பீட்டா குளோபின் ஜீன் 11-ஆம் குரோமோசோமிலும் இருப்பதால் ஒன்று மற்றதைப் பாதிக்காது. ஆக, பிள்ளை நோயில்லாமலும் அண்ணனுக்குப் பொருந்தியும் பிறக்க 16-க்கு 3, அதாவது சுமார் 19 வீத வாய்ப்பு. பிள்ளை வெறும் காவியாக இருந்தால் தானம் செய்யத் தடை இல்லை.

பிரதிநிதி சொல்வது பெரும்பாலும் வேறு. "இந்தப் பிள்ளைக்கே பின்னாளில் உதவும்" என்பார். தலசீமியா போன்ற பரம்பரை நோயில் சொந்தத் தொப்புள்கொடி இரத்தத்தால் பயனில்லை, அதே பிழையான ஜீன் அதற்குள்ளும் இருக்கும். சிறுவயது இரத்தப் புற்றுநோயிலும் பல வேளைகளில் பிறக்கும்போதே அந்த இரத்தத்தில் முன்னோடிக் கலங்கள் இருந்துவிடுவதால் வைத்தியர்கள் அதை விரும்புவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017 அறிக்கையில், வருங்காலக் காப்புறுதியாகத் தனியாரிடம் சேமிப்பதை ஆதரிக்கவில்லை. கூடப்பிறந்தவருக்கு மாற்றுச் சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய் இருந்தால் மட்டும் அந்தக் குடும்பத்துக்காகச் சேமிப்பதை ஏற்கிறது. நீங்கள் அந்த விதிவிலக்குக்குள் வருகிறீர்கள். "வங்கியில் உள்ள மற்றவர்களின் இரத்தமும் உங்களுக்குக் கிடைக்கும்" என்ற கூட்டுத் திட்டத்துக்காகக் கூடுதலாகக் கட்ட வேண்டாம். உறவில்லாதவரின் தொப்புள்கொடி இரத்தம் தலசீமியாவில் மோசமான பலனையே தந்திருக்கிறது, ஏற்றியது பிடிக்காமலே போவது அதிகம்.

அளவைப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது. ஒரு பிரசவத்தில் பொதுவாக 50 முதல் 150 மில்லிலீற்றர் வரை எடுக்கலாம். நல்ல சேகரிப்பு ஒன்றில் கருவுள்ள கலங்கள் 1,000 மில்லியன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் அல்லாத இரத்த நோய்களுக்கு, உறைய வைக்கும் நேரத்தில், பெறுபவரின் எடையில் கிலோவுக்கு 35 மில்லியனாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான எல்லை. உங்கள் மகன் 16 கிலோ என்றால் கிலோவுக்கு 62 மில்லியன் வரும், தாராளம். அவனே 35 கிலோ ஆனபின் 28 மில்லியன்தான். 60 கிலோ இளைஞனானால் 17-க்குக் கீழே போய்விடும். விதைநெல் கெடாமல் இருந்தாலும் வயல் வளர்ந்துகொண்டே போகிறது. உறைந்ததை உருக்கும்போது ஒரு பகுதி கலங்கள் இறக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே 20 வருடச் சேமிப்பு என்று ஒரே தடவையில் பெரும் தொகை கட்டும் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது. வருடாவருடம் கட்டி, எப்போதும் நிறுத்தக்கூடிய ஒப்பந்தமாகக் கேளுங்கள்.

பிரதிநிதி ஒருபோதும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: பொருந்தும் தங்கச்சியோ தம்பியோ பிறந்துவிட்டால், அந்தப் பிள்ளையே உயிருள்ள வங்கி. ஒரு வயது தாண்டி எடை கூடியபின், மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து, தானம் செய்யும் பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் வரை என்பு மச்சை எடுக்கலாம். அதில் பெறுபவருக்குக் கிலோவுக்கு 300 முதல் 400 மில்லியன் கலங்களை இலக்கு வைப்பார்கள், தொப்புள்கொடி எல்லையைப்போல பத்து மடங்கு. 2013-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், கூடப்பிறந்தவரின் மச்சை பெற்ற தலசீமியா நோயாளிகளில் 86 வீதத்தினரும், தொப்புள்கொடி இரத்தம் பெற்றவர்களில் 80 வீதத்தினரும் 6 வருடம் கழித்து நோயின்றி இருந்தார்கள். தொப்புள்கொடிப் பக்கத்தில் கடுமையான நீண்டகால ஒட்டுநோய் (ஏற்றிய கலங்கள் பெறுபவரின் உடம்பையே தாக்குவது) வரவில்லை என்பது அதன் சாதகம். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. எனவே சேமிக்காமல் விட்டால் மகனின் கதவு மூடிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

சேமிப்பதென்று முடிவெடுத்தால், வரிசை இப்படி இருக்கட்டும். மகனுக்கும் உங்கள் இருவருக்கும் எச்.எல்.ஏ. பரிசோதனையை இப்போதே செய்யுங்கள். உங்கள் இருவரின் பீட்டா குளோபின் ஜீனில் எந்தப் பிழை இருக்கிறது என்பதையும் டி.என்.ஏ. பரிசோதனையில் அறிந்து வையுங்கள். பிறந்த பிள்ளைக்கு வழக்கமான ஈமோகுளோபின் பரிசோதனை செய்தால் பீட்டா தலசீமியா உறுதியாகத் தெரியாது, அந்த வயதில் பெரும்பகுதி கருக்கால ஈமோகுளோபின்தான். முதற்பரிசோதனை "நோர்மல்" என்று வந்து, ஆறு மாதத்தில் பிள்ளை வெளிறத் தொடங்கும் குடும்பங்கள் இதனால்தான் அதிர்ச்சி அடைகின்றன. பெற்றோரின் பிழை தெரிந்திருந்தால் தொப்புள்கொடி மாதிரியிலேயே டி.என்.ஏ. பார்த்து உறுதி செய்யலாம். பிள்ளைக்கு நோய் இருந்தாலோ பொருந்தாவிட்டாலோ அடுத்த வருடக் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.

பிரசவ அறையில் நடப்பதையும் முன்கூட்டியே மகப்பேற்று நிபுணரிடம் பேசி வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் பிள்ளை பிறந்து 1 முதல் 3 நிமிடம் கழித்தே கொடியை இறுக்கச் சொல்கிறது; அந்த நேரத்தில் பிள்ளைக்குப் போகும் இரத்தம் முதல் மாதங்களுக்கான இரும்புச்சத்து. அதிக நேரம் காத்தால் பைக்கு வரும் அளவு குறையும். ஒரு நிமிடமாவது காத்திருப்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னர் கொடியைக் கிருமிநீக்கியால் நன்றாகத் துடைத்து, கொடி நாளத்தில் தடித்த ஊசியை ஏற்றி, உறையாமல் தடுக்கும் திரவம் உள்ள பையைத் தாயின் படுக்கை மட்டத்துக்குக் கீழே பிடித்தால் இரத்தம் தானாக இறங்கும். பையை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கெட்டுப்போவது நான்கு வழிகளில்: ஆட்டாததால் கட்டிபட்டுவிடும், துடைப்பது சரியில்லாமல் பற்றீரியா புகுந்துவிடும், அளவு குறைந்துவிடும், 48 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேராமல் கலங்கள் இறக்கும். சேமிப்பகம் கடல் கடந்து இருந்தால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் சனி, ஞாயிறு, போயா என்று பொதி தங்கும் நாட்களையும் கணக்கில் எடுங்கள். ஆய்வுகூடத்தில் சிவப்பணுக்களையும் மிகுதித் திரவத்தையும் அகற்றி, உறைபாதுகாப்புத் திரவம் சேர்த்து, படிப்படியாகக் குளிர்வித்து, திரவ நைதரசனில் மறை 190 பாகைக்கு அருகில் வைப்பார்கள்.

சேகரித்தபின் வெறும் சான்றிதழை வாங்கிக்கொண்டு திருப்திப்படாதீர்கள். மொத்தக் கருவுள்ள கலங்கள், சி.டி.34 கலங்கள் (இரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள்), உயிருள்ள கலங்களின் வீதம், கிருமி வளர்ப்புப் பரிசோதனை முடிவு ஆகிய நான்கு எண்ணும் எழுத்தில் வேண்டும். பையோடு ஒட்டிய சிறு குழாய்த் துண்டுகள் வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள்; பின்னாளில் பையைத் திறக்காமல் அடையாளம் உறுதிப்படுத்த அவை தேவை. இதுவரை எத்தனை பைகள் உண்மையில் மாற்றுச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டன, கலங்கள் எல்லைக்குக் குறைவாக வந்தால் பணம் திரும்புமா, கம்பனி மூடப்பட்டால் பை எங்கே போகும் என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். அங்கீகாரம், வங்கிகளின் தரம் பார்க்கும் ஏ.ஏ.பி.பி. அல்லது ஃபக்ட் நெட்கோர்ட் என்று இருந்தால், அந்த அமைப்புகளின் பட்டியலிலேயே பெயரைத் தேடிப் பார்ப்பது உங்கள் வேலை.

இதெல்லாவற்றையும்விட மகனின் பலனைத் தீர்மானிப்பது இப்போது நடக்கும் சாதாரணச் சிகிச்சைதான். இத்தாலியின் பெசாரோ நகரில் லூக்கரெல்லி குழுவினர் வகுத்த அபாயக் காரணிகள் மூன்று: வீங்கிய ஈரல், ஈரலில் தழும்பு, ஒழுங்கற்ற இரும்பகற்றல். மூன்றும் இல்லாத பிள்ளைக்கு மாற்று நன்றாகப் பிடிக்கும். மூன்றும் உள்ள பிள்ளைக்கு உயிராபத்தே கூடும். ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தமும் 200 மில்லிகிராம் அளவு இரும்பைக் கொண்டுவருகிறது, உடம்புக்கு அதை வெளியேற்ற வழி கிடையாது. ஏற்றுவதற்கு முன் ஈமோகுளோபின் 9.5 முதல் 10.5 வரை இருக்கிறதா, பெரிட்டின் (உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் எண்) 1,000 தாண்டுகிறதா என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். இரும்பை அகற்ற டெஸ்பெரல் பம்போ டெபெரசிரொக்ஸ் குளிசையோ, எது தந்தாலும் தவறவிடாதீர்கள். மாற்றுச் சிகிச்சைக்கு நல்ல காலம் சிறுவயதுதான்.

"ஜீனைத் திருத்தும்" சிகிச்சை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது காஸ்ஜெவி. பிரித்தானியா 2023 நவம்பரிலும், தலசீமியாவுக்கென அமெரிக்கா 2024 ஜனவரியிலும் அனுமதி கொடுத்தன. பிறந்தபின் கருக்கால ஈமோகுளோபினை நிறுத்தி வைப்பது பி.சி.எல்.11ஏ என்ற ஜீன். நோயாளியின் சொந்த இரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் கருவியால் இரத்தக் கலங்களில் அந்த ஜீனை இயக்கும் பகுதியை வெட்டுகிறார்கள். கருக்கால ஈமோகுளோபின் மீண்டும் ஊறத் தொடங்குகிறது. ஆய்வில் 35 பேரில் 32 பேர் ஒரு வருடத்துக்கு மேலாக இரத்தம் ஏற்றாமல் இருந்தார்கள். சொந்தக் கலம் என்பதால் ஒட்டுநோய் இல்லை. ஆனால் பழைய மச்சையை அழிக்க, மாற்றுச் சிகிச்சையில் கொடுக்கும் அதே கடுமையான புசல்பான் மருந்து வேண்டும், அது பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக்கூடும். அப்போது அனுமதி கிடைத்தது 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. அமெரிக்காவில் விலை 2.2 மில்லியன் டொலர். அதற்காகக் காத்திருந்து, பொருந்தும் கூடப்பிறந்தவர் இருக்கையில் மாற்றைத் தள்ளிப்போடுவது சரியல்ல. நமக்கு அருகில் நடக்கும் ஒன்று நம்பிக்கை தருகிறது: வேலூர் சி.எம்.சி. வைத்தியசாலைக் குழு கடும் ஹீமோபீலியா ஏ (இரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) உள்ள 5 பேருக்கு, அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்லில் ஜீனைச் சேர்த்துக் கொடுத்து, இரத்தக்கசிவு நின்றதை 2024 இறுதியில் வெளியிட்டது. இத்தகைய வேலை நம் பக்கத்திலேயே செய்யப்பட்டால்தான் விலை எங்களுக்கு எட்டும்.

தம்பியின் விஷயம். செய்தியில் வந்தது சிமிஸ்லெசெல் என்ற சிகிச்சையின் ஆய்வு, 2025 ஜூனில் வெளியானது. கருநிலை ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வுகூடத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை வளர்த்து, ஈரலுக்குப் போகும் பெரிய நாளத்தில் ஒரே தடவை ஏற்றினார்கள். முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடம் கழித்து இன்சுலின் போடாமல் இருந்தார்கள். மருத்துவத்தில் இது பெரிய நிகழ்வு. ஆனால் சேர்க்கப்பட்டவர்கள், சீனி திடீரென இறங்குவதை உணரமுடியாமல் மயங்கிவிழும் ஆபத்தில் இருந்தவர்கள். கலங்கள் அந்நியருடையவை, அதோடு தம்பியின் சொந்தக் கலங்களை அழித்த எதிர்ப்புச் சக்தி இன்னும் விழித்தே இருக்கிறது. அதனால் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். அதன் விலை தொற்றும் சிறுநீரகப் பாதிப்பும். அந்த ஆய்வில் இறந்த ஒருவருக்கு மூளைச்சவ்வில் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டிருந்தது. இன்சுலினோடு சமாளிக்கும் ஒருவர் அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை. 2024-இல் சீனாவின் தியென்ஜினில், ஒரு பெண்ணின் சொந்தக் கலங்களை மாற்றியமைத்து வயிற்றுத் தசையுறைக்குள் வைத்து, 75 நாளில் இன்சுலினிலிருந்து விடுபட்டதும் உண்மை. அவர் ஏற்கெனவே ஈரல் மாற்றுக்காக எதிர்ப்புத் தணிப்பு மருந்தில் இருந்தவர். கவனித்துக்கொண்டிருக்க வேண்டியது 2025-இல் சுவீடனின் உப்சாலாவில் நடந்ததை. எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாதபடி ஜீன் திருத்திய தானக் கலங்களை ஒருவரின் முன்கைத் தசையில் வைத்தார்கள். தணிப்பு மருந்தே இல்லாமல் அவை பிழைத்து இன்சுலின் சுரந்தன. வைத்த அளவு சிறியது, அவர் இன்னும் இன்சுலின் போட வேண்டியிருந்தது. ஆனாலும் தம்பியைப் போன்றவர்களுக்கு வழி திறப்பது அந்தத் திசையில்தான். அதுவரை யாராவது ஸ்டெம் செல் ஏற்றி இன்சுலினை நிறுத்தச் சொன்னால், ஓரிரு நாளில் கீற்றோன் (இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறி அவசரப் பிரிவுக்குப் போவதே மிச்சம்.

அம்மாவின் முழங்கால். அங்கே ஏற்றுவது பெரும்பாலும் கொழுப்பிலிருந்தோ மச்சையிலிருந்தோ எடுத்த மெசன்கைமல் கலங்கள். அவை குருத்தெலும்பாக மாறி இடைவெளியை நிரப்புவதில்லை. சில நாட்கள் சில இரசாயனங்களைச் சுரந்துவிட்டு மறைகின்றன. நாளத்தில் ஏற்றினால் இன்னும் மோசம், பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிக்கொள்கிறது. 2023-இல் அமெரிக்காவில் 475 பேரில் நடந்த ஆய்வு, மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்று வகைக் கலங்களையும் சாதாரண ஸ்டீரொயிட் ஊசியோடு ஒப்பிட்டது. ஒரு வருட முடிவில் எதுவும் அதைவிட மேலாக இல்லை. அதே வகைக் கொழுப்புக் கலங்களைக் கண்ணுக்குள் ஏற்றி, 2015-இல் புளோரிடாவில் மூன்று பெண்கள் பார்வை இழந்தார்கள் என்பதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு, வலி கூடும்போது பூசும் மருந்து, மிஞ்சினால் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை. நிரூபிக்கப்பட்டவை இவை.

யாராவது "இது ஆய்வாக நடக்கிறது" என்றால், இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். நேர்மையான ஆய்வு நோயாளியிடம் மருந்துக்குப் பணம் கேட்காது. பணம் கேட்டால் அதுவே போதுமான பதில். சென்னைக்குப் போய்ச் செய்யலாம் என்பவர்களுக்கு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டலும் இரத்த ஸ்டெம் செல் மாற்றை மட்டுமே வழக்கமான சிகிச்சையாக ஏற்கிறது, மற்றவை ஆய்வுக்குள் மட்டும்.

நீங்கள் மகனுக்காக வெளியே போவதானால், டிக்கட் எடுக்கும் முன் கொழும்பிலேயே எச்.எல்.ஏ. பொருத்தம் தெரிந்திருக்க வேண்டும். கையில் இருக்க வேண்டியவை: இதுவரை ஏற்றிய இரத்தத்தின் கணக்கு, கடைசி இரண்டு வருட பெரிட்டின் எண்கள், ஈரல் ஸ்கேன், மஞ்சட்காமாலை பி, சி பரிசோதனை, ஏற்றிய இரத்தத்துக்கு எதிராக எதிர்ப்புப்பொருள் உருவாகியிருந்தால் அந்த அறிக்கை. பொருந்தும் கூடப்பிறந்தவர் கிடைக்கக்கூடும் என்பதால், அப்பா, அம்மா, பெரியப்பா, மாமா என்று நெருங்கிய உறவினர் யாரும் மகனுக்காக நேரடியாக இரத்தம் கொடுக்கக் கூடாது. அவர்களின் இரத்தம் ஏற்றினால் குடும்ப எச்.எல்.ஏ.வுக்கு எதிராக மகனின் உடம்பு பழகிவிடும், பின்னர் தங்கச்சியின் மச்சையையும் தள்ளிவிடக்கூடும். அவர்கள் கொடுக்க விரும்பினால் நாரஹேன்பிட்ட இரத்த வங்கியில் பொதுவாகக் கொடுக்கட்டும். மகனுக்கு எப்போதும் வெள்ளணு நீக்கிய, உறவில்லாதவரின் இரத்தத்தையே கேளுங்கள்.